அம்மாவின் நட்சத்திரப் பிறந்தநாளுக்கு 25 பேருக்கு அக்காரவடிசல்: அளவு சொல்லி உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆவணி ரோகிணியில் அம்மாவுக்கு 70 நிறைகிறது. கோயிலில் அர்ச்சனை, மதியம் வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. கேக் வேண்டாம், அக்காரவடிசல் போதும் என்கிறார் அம்மா.

8 பேருக்கு என் கணக்கு: பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50, பால் ஒன்றரை லிட்டர், பாகு வெல்லம் 400, நெய் 150. அரிசி, பருப்பை நெய்யில் வாசனை வர வறுத்து, பாலிலேயே குழைய வேகவிட்டு மசிப்பேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சேர்ப்பேன். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்து, ஓரமெல்லாம் திப்பி திப்பியாக ஒதுங்கிவிடும்.

25 பேருக்கு எல்லாவற்றையும் மூன்று மடங்காக்கலாமா? பெரிய உருளியில் பால் சுண்ட நேரம் அதிகமாகும், அடியும் பிடிக்கும். நாலரை லிட்டரையும் முதலிலேயே ஊற்றுவதா, அரை லிட்டரைக் காய்ச்சித் தனியே வைத்துப் பரிமாறும் முன் சேர்ப்பதா? காலை 9 மணிக்கு இறக்கினால் 12 மணிக்குள் கட்டியாக இறுகிவிடுமே, அதுதான் பெரிய கவலை. நெய் மூன்று மடங்கு திகட்டும் என்று தோன்றுகிறது. வெண்கல உருளியில் நிறையப் பேருக்குச் செய்த அனுபவமுள்ள அக்காமார், மாமிமார் தயவுசெய்து சொல்லுங்கள்.