டெஸ்லா மொடல் 3 பெர்ஃபோமன்ஸ்: 20 அங்குல ரிம்மிலிருந்து எந்த அளவுக்கு இறங்கலாம்?

2021ஆம் ஆண்டு டெஸ்லா மொடல் 3 பெர்ஃபோமன்ஸ் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஓட்டி வருகிறேன். வாகனத்தோடு வந்த 235/35R20 (அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 35 வீதம், ரிம் 20 அங்குலம்) ரயரின் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ 82 மில்லிமீற்றர்தான் என்பதால், இரவில், மழைநீர் மூடிய பள்ளமொன்றில் முன் இடச்சில்லு இறங்கியபோது ரிம்மின் உதடு நெளிந்து, ரயரின் ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்பு எழுந்துவிட்டது. எட்டு மாதத்தில் இது இரண்டாவது தடவை.

காற்றழுத்தம் குளிர்ந்த நிலையில் 42 பிஎஸ்ஐ என்ற பரிந்துரையிலேயே இருந்தது. ரிம்மைத் தட்டி நிமிர்த்தியும், சில்லுச் சமநிலை பார்த்தும், 80 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது நிற்கவில்லை. நண்பரின் சாதாரண மொடல் 3இலிருந்து 18 அங்குல ரிம் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் பூட்டிப் பார்த்தேன். பெர்ஃபோமன்ஸின் பிரேக் தட்டு வேறு அமைப்பு என்பதால் அது முழுமையாகப் பதியவில்லை. நகரின் ரயர் கடைகளில் 5x114.3 துளை (114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் ஐந்து போல்ட் துளைகள்) பொருந்தினால் போதும் என்கிறார்கள், ரிம்மின் 64.1 மில்லிமீற்றர் நடுத்துளையையோ, ரயர் தாங்கும் எடையைச் சொல்லும் பாரக் குறியீட்டையோ எவரும் கேட்பதில்லை.

235/40R19 போட்டால் மொத்த விட்டம் 2 மில்லிமீற்றர் மட்டுமே குறைந்து, பக்கச்சுவர் 94 மில்லிமீற்றராகும். இந்த மொடலில் 19 அங்குலம் பூட்டி நமது வீதிகளில் ஓடியவர்கள், எந்த ரிம் அகலமும் ஒஃப்செற்றும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது பூட்டப்படும் முகப்புக்குள்ள தூரம்) பிரேக்கில் உரசாமல் பொருந்தின என்று சொல்வீர்களா?