வேலூரில் ஒரே ஒரு நாள்: வேன் டூரா, நாமே சுற்றுவதா?

பீளமேடு வாசி:
வணக்கம். அப்பாவுக்கு சி.எம்.சி. மருத்துவமனையில் செக்கப். புதன்கிழமையோடு டெஸ்ட் எல்லாம் முடிந்துவிடும். டாக்டர் பார்ப்பது வெள்ளி மதியம். நடுவில் வியாழக்கிழமை முழுக்கச் சும்மாதான் இருக்கப்போகிறோம். லாட்ஜில் ஒரு வேன் டூர் சொல்கிறார்கள். காலையில் கிளம்பி ரத்னகிரி, வள்ளிமலை மலைக்கோயில்கள், பொற்கோயில், கடைசியாகக் கோட்டை. கைடும் உண்டு என்கிறார்கள். அப்பாவுக்கு வயது எழுபது. சமதரையில் நன்றாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். வேனில் போகலாமா, பஸ், ஆட்டோ பிடித்து நாங்களே சுற்றலாமா?

தோட்டப்பாளையத்தான்:
நீங்களே சுற்றுங்கள். கோட்டை கடைசி என்றால் என்ன அர்த்தம்? பொழுது சாயும்போது இறக்கிவிட்டு, அரை மணியில் ஹாரன் அடித்துக் கூப்பிடுவார்கள். அருங்காட்சியகம் அதற்குள் பூட்டியிருக்கும். வள்ளிமலையில் சமணச் சிற்பங்களைப் பார்க்கப் படியேறித்தான் ஆக வேண்டும். உங்கள் அப்பா கீழே வேனில் உட்கார்ந்திருப்பார், அதற்கும் சேர்த்துப் பணம் கொடுப்பீர்கள். சி.எம்.சி. வாசலிலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். வெயில் ஏறுவதற்குள் போனால் போதும்.

ஆற்காட்டார்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலூர் வெயில் தெரியாத ஊர்க்காரரிடம் பஸ்ஸில் போ, ஆட்டோ பிடி என்று சொல்வது எளிது. வெளியூர் முகம் என்று தெரிந்தாலே வாடகை ஏறிவிடும். பெரியவரை ரோட்டில் நிற்க வைத்துப் பேரம் பேச வேண்டுமா? ஸ்ரீபுரம் பொற்கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007ல் திறந்த கோயில், சுமார் 1,500 கிலோ தங்கம். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. நட்சத்திர வடிவப் பாதையில் 1.8 கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டும். சொந்த வேன் வாசலில் நின்றால் போன், பை, செருப்பு எல்லாவற்றையும் அதிலேயே போட்டுவிட்டுப் போகலாம். நடந்து களைத்து வெளியே வந்ததும் பெரியவர் ஏறிச் சாய்ந்துகொள்ள ஒரு சீட் இருக்கும். வயதானவர்களோடு வருபவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பாகாயம் டீச்சர்:
நீங்கள் இருவரும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். வழிகாட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. "இதுதான் கோட்டை, ஆறு மணிக்கு வந்துடுங்க" என்று டிரைவர் சொன்னால் அவர் கைடு ஆகிவிட மாட்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருஷா வருஷம் கோட்டைக்குக் கூட்டிப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன். விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இல்லாவிட்டால் அங்கே இருப்பது அகழி, கருங்கல் சுவர், புல்தரை, அவ்வளவுதான். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று வந்த வெள்ளைக்காரர்களின் உத்தரவில் கொதித்துப்போன இந்தியச் சிப்பாய்கள் 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்பே எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். முந்தின நாள்தான் உள்ளே திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். காலையில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி குதிரைப்படையோடு வந்தார். கயிற்றைப் பிடித்து மதில் மேல் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி கதவைத் தகர்த்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களில் நூறு பேரளவுக்கு வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பு நடந்தது இது. கிழக்கு வாசலில் நின்று, "ஆற்காடு அந்தப் பக்கம், குதிரைகள் அங்கிருந்துதான் வந்தன" என்று ஒருவர் கை நீட்டிக் காட்ட வேண்டும். போனில் படித்தால் அது வராது.

தோட்டப்பாளையத்தான்:
டீச்சர், அப்படிச் சொல்கிற ஆள் கிடைத்தால் நானும் கூடவே வருவேன். கிடைக்கிறாரா என்பதுதான் கேள்வி. சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது ஒருவரைப் பிடித்தோம். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். அங்கே நின்றுகொண்டு, இங்கிருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கப்பாதை போகிறது என்று ஆரம்பித்தார். தொல்லியல் துறை தேடிப் பார்த்து, அப்படி எதுவும் இருந்ததற்குத் தடயம் இல்லை என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது. தலைக்கு மேல் விதானத்தில் பூவைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல் கிளிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் அக்கா மகள்தான் அண்ணாந்து பார்த்துக் காட்டினாள். அப்புறம் யாளித் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தால், போகலாம் போகலாம் என்று அவருக்கு ஒரே அவசரம். பிடித்த இடத்தில் உட்கார முடியாத சுற்றுலா எனக்கு வேண்டாம்.

பாகாயம் டீச்சர்:
ஒருவர் சரியில்லை என்பதற்காக வழிகாட்டியே வேண்டாம் என்பது நியாயமில்லை தம்பி. சுரங்கப்பாதை பொய் என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொன்ன அதே விரிஞ்சிபுரத்துக்கு வாருங்கள். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் காலம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும். அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. மதிலழகைப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் குச்சியை வைத்துக் காட்டினால்தான் அவர்களுக்கு அது கடிகாரம்.

யாழ் வாசகன்:
ஊடே வருவதற்கு மன்னிக்கவும். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816ல் இந்தக் கோட்டைக்குத்தான் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவருடைய சமாதி இருக்கிறது. எனக்குக் காட்டிய எந்த வேன் டூர் பட்டியலிலும் அது இல்லை. ஆட்டோ பிடித்து நானேதான் போய்ப் பார்த்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு வேலூர் என்றாலே முதலில் அந்த இடம்தான்.

ஆற்காட்டார்:
எல்லோரும் வரலாறு பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நீங்களாக முடிவு செய்துகொள்கிறீர்கள். உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், நாலு சாமியைக் கும்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்க மாட்டாரா? ஒரே நாளில் மூன்று கோயில் தரிசனம் கிடைக்கிறது என்றால் வேனில்தான் கிடைக்கும்.

தோட்டப்பாளையத்தான்:
சாமி கும்பிடக் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேஸ்வரர் இருக்கிறாரே அண்ணா. சாமியில்லாத கோயில் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த இடம். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981ல்தான் திரும்ப உள்ளே வந்தது. மூன்று மலையடிவாரத்தில் வேனுக்குள் உட்கார்ந்திருப்பதைவிட அந்தச் சன்னதியில் நிம்மதியாக நிற்கட்டும். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

பீளமேடு வாசி:
எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கில்லெஸ்பி கயிறு பிடித்து ஏறியதைக் கேட்டதும், முதலில் கோட்டை என்று சொல்லிவிட்டார். வேன் வேண்டாம். வியாழன் காலை நடந்தே கோட்டைக்குப் போகிறோம். டீச்சர் சொன்ன மாதிரி விவரம் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று அங்கேயே விசாரிக்கிறோம். சாயங்காலம் பொற்கோயிலுக்கு மட்டும் தனி ஆட்டோ, போக வரப் பேசி. அது ஆற்காட்டார் சொன்னதற்காக. அருங்காட்சியகத்தை வெள்ளி காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

ஆற்காட்டார்:
ஆட்டோவை வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். நடந்து வருவதற்கு நேரம் ஆகும், அதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். பெரியவருக்கு வேன்தான் வசதி என்று இப்போதும் சொல்வேன்.

தோட்டப்பாளையத்தான்:
வெள்ளிக்கிழமை அரசு அருங்காட்சியகம் விடுமுறை. வியாழனே முடித்துவிடுங்கள். முதலில் கோயில், அப்புறம் அருங்காட்சியகம்.

பாகாயம் டீச்சர்:
கிழக்கு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம் கோயிலுக்குப் போங்கள்.