கியர்பாக்ஸ் சோலனாய்டை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: 10 வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார். கியர் மாறும்போது ஒரு உதை உதைக்கிறது, ஸ்கேனரில் பி0750 என்ற கோளாறு எண் (கோடு) வருகிறது. கியர்பாக்ஸையே இறக்கணும் என்கிறார் மெக்கானிக். சோலனாய்டை (கியர் மாற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) மட்டும் நானே மாற்றினால் போதாதா?

பதில் 1: அவசரப்படாதீர்கள். அந்தக் கோடு ஷிஃப்ட் சோலனாய்டு ஏ பக்கம் கோளாறு என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஒயர் அறுந்திருந்தாலும் கனெக்டர் கெட்டிருந்தாலும் அதே கோடுதான் வரும். முதலில் மல்டிமீட்டரில் சோலனாய்டின் ஓம் (மின்தடை) பாருங்கள். ஆன்-ஆஃப் வகை என்றால் பெரும்பாலும் 10 முதல் 30 ஓமுக்குள் இருக்கும், சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் கிடைக்கும்.

பதில் 2: பல வண்டிகளில் கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் பேனைக் (ஆயில் தட்டு) கழற்றினாலே சோலனாய்டுகள் இருக்கும் வால்வு பாடி தெரிந்துவிடும், எதையும் இறக்க வேண்டாம். ஆனால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். பேன் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, உலோகத் துண்டுகள் கிடந்தால் சோலனாய்டு மாற்றிப் பிரயோஜனம் இல்லை. அப்புறம், போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள் (வைக்காததால் எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது).

கேட்டவர்: கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது! சுத்தம் செய்ததும் 14 ஓம் காட்டுகிறது, கோடு திரும்ப வரவில்லை.