குடும்ப குரூப்ல ஜிரூ பஞ்சாயத்து

அருண்: [படம்]

அருண்: ஃபுட்பால்ல கோல் போடறதே வேலையா இருக்கற ஸ்ட்ரைக்கருங்களுக்கு டேபிள் ஒண்ணு போட்டிருக்கேன் பாருங்க. 2018 வேர்ல்ட் கப், ஃபிரான்ஸ் ஸ்ட்ரைக்கர் ஜிரூ, 7 மேட்ச், கோல் 0, ஆன் டார்கெட் ஷாட்டும் (கோல் போஸ்டுக்குள்ள போற மாதிரி அடிச்சது) 0 😂 இவரெல்லாம் ஸ்ட்ரைக்கராம்

சேகர் மாமா: கப் யாருக்குடா வந்துச்சு

அருண்: ஃபிரான்ஸுக்குதான் மாமா ஆனா அது எம்பாப்பேவும் கிரீஸ்மனும் ஆளுக்கு 4 கோல் போட்டதால. இவரு கூட நின்னாரு அவ்ளோதான்

சேகர் மாமா: சும்மா நிக்கிற ஆளயா கோச் டெஷாம் 7 மேட்ச்லயும் எறக்குவாரு? பின்னாடி இருந்து தூக்கி அடிக்கிற பந்து வரும், எதிர் டீமோட சென்டர் பேக், அதான் நடுவுல நின்னு தடுக்கறவங்க, ரெண்டு பேரு இவரு முதுகுல ஏறி நிப்பான், அந்த இடிய வாங்கிக்கிட்டு நெஞ்சால எறக்கி ஓரமா தட்டி விடுவாரு, அந்த ரெண்டு பேரும் இவர்கிட்ட மாட்டிக்கிட்டதால பின்னாடி காலியா கெடக்கிற எடத்துலதான் எம்பாப்பே பறந்தான். இதுக்கு உன் டேபிள்ல எந்த கட்டம்?

சேகர் மாமா: அதே ஆளு ஃபிரான்ஸுக்கு மொத்தம் 57 கோல், பழைய ஸ்ட்ரைக்கர் ஹென்றியோட 51ஐ தாண்டினவர். கோல் போட தெரியாதவர் இல்ல

அருண்: 🙄

திவ்யா: அருண் ஒண்ணு யோசி. இந்த டேபிளெல்லாம் பந்த தொட்டாதான் ஒரு வரி எழுதும். 90 நிமிஷத்துல ஒரு ஆளு கால்ல பந்து இருக்கறது ரெண்டு மூணு நிமிஷம்தான், மீதி நேரம் முழுக்க உன் டேபிளப் பொறுத்தவரைக்கும் அவரு கிரவுண்ட்லயே இல்ல

அருண்: அக்கா இப்பதான் டிராக்கிங் டேட்டா வந்துருச்சே, 22 பேரும் எங்க நிக்கறாங்கன்னு நொடிக்கு 25 தடவ பதியுது

திவ்யா: எங்க நின்னாருன்னு சொல்லும். எதுக்கு அங்க நின்னாருன்னு சொல்லாது, கோச் நிக்க சொன்னாரா இல்ல மூச்சு வாங்குச்சான்னு

வசந்தி சித்தி: காலைல இருந்து 43 மெசேஜ், நான் யாருக்கோ ஒடம்பு சரியில்லன்னு நெனச்சு பதறிட்டேன்

சேகர் மாமா: 😄 வசந்தி நீயே தீர்ப்பு சொல்லு. 2002 ஃபைனல், பிரேசிலோட ரெண்டாவது கோல். க்ளெபர்சன் பந்த உள்ள தள்றாரு, ரிவால்டோ அடிக்கப் போற மாதிரி போய் காலுக்கு நடுவுல விட்டுடறாரு, ஜெர்மனி டிஃபென்டர் ஏமாந்து அவரு பக்கம் போறான், பின்னாடி ரொனால்டோ நிதானமா அடிச்சு கோல். கணக்குல கோல் ரொனால்டோ, அசிஸ்ட் (கோலுக்கு பாஸ் கொடுத்தவரு) க்ளெபர்சன்

வசந்தி சித்தி: விட்டுக்கொடுத்தவருக்கு?

சேகர் மாமா: ஒண்ணுமில்ல. பந்த தொடவே இல்லையே

வசந்தி சித்தி: அநியாயம்ணா

வசந்தி சித்தி: சரி கோல் போடறவங்கள எண்ணிடலாம், தடுக்கறவங்கள எப்படி எண்ணுவீங்க?

அருண்: டேக்கிள் (எதிராளி கால்ல இருந்து பந்த பறிக்கறது), இன்டர்செப்ஷன் (பாஸ நடுவுல மறிக்கறது), கிளியரன்ஸ் (பந்த தூர அடிச்சு விரட்டறது)னு நெறைய இருக்கு சித்தி

சேகர் மாமா: அங்கதான் பெரிய கூத்தே. நான் காலேஜ்ல ரைட் பேக், அதான் வலது ஓரத்துல தடுக்கற எடத்துல, ஆடினவன். நான் விழுந்து விழுந்து டேக்கிள் பண்ண மேட்ச்லாம் நான் எடம் தப்பி நின்ன மேட்ச். ஒழுங்கா நின்னா எதிராளி என் பக்கமே வரமாட்டான், அன்னிக்கு டேக்கிள் 0. டிஃபென்டர் ஸ்டாம 2001ல மான்செஸ்டர் யுனைடெட் லாசியோக்கு வித்தாங்கல்ல, அவரு டேக்கிள் கொறஞ்சதும் ஒரு காரணம்னு சொல்வாங்க. பின்னாடி அப்ப கோச்சா இருந்த ஃபெர்குசனே அது தப்புன்னு ஒத்துக்கிட்டாரு

அருண்: அப்ப கண்ணால பாத்தா மட்டும் சரியா வந்துடுமா? உங்களுக்குப் புடிச்ச பிளேயர் நடந்தா யோசிக்கறாரும்பீங்க, புடிக்காதவன் நடந்தா சோம்பேறிம்பீங்க

திவ்யா: இது நூத்துக்கு நூறு கரெக்ட் 👏 மாமா பதில் சொல்லுங்க

சேகர் மாமா: …

திவ்யா: 🤣 நம்பர் வேணாம்னு நானும் சொல்லல. 2022 வேர்ல்ட் கப்ப எடுத்துக்கோ, எம்பாப்பே 8 மெஸ்ஸி 7. பெனால்டிய கழிச்சா 6, 3. இது உருப்படியான கணக்கு, ஏன்னா பெனால்டி நாலுல மூணு எப்படியும் உள்ள போயிடும். ஆனா செமி ஃபைனல்ல குரோஷியா டிஃபென்டர் க்வார்டியோல மெஸ்ஸி ஓரமா இழுத்துட்டு போய் திருப்பி திருப்பி ஏமாத்தி அல்வாரெஸுக்கு கொடுத்தது அசிஸ்ட் 1. பக்கத்துல நிக்கிறவனுக்கு சும்மா தட்டிவிட்டு அவன் தூரத்துல இருந்து பொளந்தாலும் அசிஸ்ட் 1. இதுல மார்க் எப்படி போடுவ

அருண்: அதுக்குதான் ஷாட் எவ்ளோ நல்ல சான்ஸ்னு மார்க் போடற எக்ஸ்ஜி, பாஸுக்கு அதே மாதிரி மார்க் போடற எக்ஸ்ஏலாம் இருக்கே

திவ்யா: அதுவும் கடைசி பாஸ்ல இருந்து ஷாட் எவ்ளோ நல்ல சான்ஸ்னுதான் பாக்கும், க்வார்டியோல் பட்ட பாட்ட பாக்காது. அப்புறம் கடைசி பத்து நிமிஷம் எறங்கி ஒரு கோல் போட்டவன 90 நிமிஷத்துக்கு கணக்கு போட்டு 9 கோல்னு இந்த டேபிள்லயே ஒருத்தன போட்டிருக்க பாரு

அருண்: அது பில்டர் போட மறந்துட்டேன் 😶

சேகர் மாமா: எல்லாரும் இந்த வீடியோ ஒண்ணு பாருங்க. 1970 செமி ஃபைனல், பிரேசில் உருகுவே. டோஸ்டாவோ பாஸ், பெலே ஓடி வராரு, கோலி மஸுர்கியேவிச்சும் வெளிய ஓடி வராரு, பெலே பந்த தொடாம ஒரு பக்கம் போக விட்டுட்டு தான் இன்னொரு பக்கமா சுத்தி போய் அடிக்கிறாரு

வசந்தி சித்தி: கோலா?

சேகர் மாமா: இல்ல. போஸ்ட்ட ஒட்டி வெளிய போயிடுச்சு. அவரு ஆயிரத்துக்கு மேல கோல் போட்டதா சொல்வாங்க, பாதி ஃபிரெண்ட்லியான்னு இன்னும் சண்ட ஓடுது, அந்த கோல்ல எத்தனைய நீ பாத்திருப்ப? இத பாக்காதவன் இல்ல

வசந்தி சித்தி: டேபிள்ல இது என்னன்னு வரும்?

திவ்யா: ஷாட் 1, ஆஃப் டார்கெட் 1

சேகர் மாமா: அருண் பாத்தியா

சேகர் மாமா: டேய் அருண்

அருண்: இருங்க மாமா ஆறாவது தடவ போயிட்டிருக்கு