எல்எஸ் கட்டளையில் சில கோப்புக்கு மணி வருகிறது, சிலவற்றுக்கு வருடம் மட்டும்

கௌண்டன்யா கரை:
குடியாத்தத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை வருடா வருடம் படமெடுத்துச் சேர்த்து வருகிறோம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் சிரசு கிளம்புவதிலிருந்து கோபாலபுரத்தில் உடலோடு பொருத்தும் வரை எல்லாம் இருக்கிறது. கூட்டத்தில் தெரு அடையாளமே தெரியாது, எது எங்கே எடுத்தது என்று நேரத்தை வைத்துத்தான் சொல்லமுடியும். உபுண்டு லினக்ஸில், கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளை கொடுத்தால் போன மாதக் கல்யாணக் கோப்புகளுக்கு மணி, நிமிடம் காட்டுகிறது. சிரசு வீடியோக்களுக்கு மாதம், தேதி, வருடம் மட்டும். நேரம் அழிந்துவிட்டதா? திரும்ப எடுக்கக்கூடிய படமில்லை இது.

காட்பாடி ஜங்ஷன்:
அழியவில்லை அண்ணா. கோப்பு ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் எல்எஸ் மணிக்குப் பதில் வருடத்தைப் போடும், அவ்வளவுதான். 'எல்எஸ் -எல்டிஆர் --டைம்-ஸ்டைல்=லாங்-ஐஎஸ்ஓ' கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் தேதியும் மணியும் வரும். பழையது மேலே, புதியது கீழே, ஊர்வலம் போன வரிசையிலேயே. நொடியும் வேண்டுமென்றால் '--ஃபுல்-டைம்'. ஒரே கோப்பின் விவரத்துக்கு 'ஸ்டேட்' கட்டளை போதும். அதில் 'மாடிஃபை' வரியைப் பாருங்கள், கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரம் அது. 'சேஞ்ச்' வரி வேறு, கோப்பைத் திறக்கும் அனுமதியை மாற்றினாலே அது மாறிவிடும்.

பாலாற்றுப் பாலம்:
இன்னொன்று. ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க வெறும் 'சிபி' போடாதீர்கள், நகலெடுத்த நேரமே திருத்திய நேரமாகிவிடும். 'சிபி -பி' போடுங்கள், பழைய நேரம் அப்படியே நிற்கும்.

கௌண்டன்யா கரை:
வந்துவிட்டது தம்பி, ரொம்ப நன்றி! ஆனால் கேமரா கார்டைச் செருகிப் பார்த்தால் காலை 6 மணிக்கு எடுத்தது 11:30 என்கிறது. கேமரா கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது.

பாலாற்றுப் பாலம்:
ஐந்தரை மணி நேரம் கூடியிருக்கிறது என்றால், நம்மூர் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. கார்டில் இருப்பது ஃபேட்32 கோப்பு முறைதானே? அது நேர மண்டலத்தைக் குறித்துவைக்காது. கார்டை மவுண்ட் செய்யும்போது (கணினியில் இணைக்கும்போது) 'டைம்_ஆஃப்செட்=330' என்று சேருங்கள், கணக்கு நிமிடத்தில். புகைப்படங்களுக்கு இந்தப் பாடே வேண்டாம். கேமரா எடுத்த நேரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும், 'எக்ஸிஃப்டூல்' என்ற நிரல் காட்டும். எத்தனை முறை நகலெடுத்தாலும் அது மாறாது. பழைய வருடப் படங்களையும் அதை வைத்தே அடுக்கிவிடுங்கள் அண்ணா.