ஆராய்ச்சி முறைகள் உங்களுக்கு எங்கே பிடிபட்டன? அனுபவப் பகிர்வு

சமூக மருத்துவம், முதுநிலை இறுதியாண்டு, மதுரை:

தீசிஸ் எழுதுகிறவர்களுக்கும் எழுதி முடித்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் படித்ததை விடுங்கள். ஆராய்ச்சி முறை என்றால் இதுதான் என்று உங்களுக்கு உறைத்த இடத்தைச் சொல்லுங்கள். ஜூனியர்களுக்கு உதவும்.

எனக்கு அது ஒரு கிராஃப் தாளில் நடந்தது. கிராமங்களில் ரத்த அழுத்தம் பார்த்த பழைய சர்வே ஒன்றின் படிவங்களை மேடம் கையில் கொடுத்தார். "கம்ப்யூட்டரைத் திறக்காதே. மேல் அழுத்தத்தை மட்டும் வரைந்து கொண்டு வா" என்றார். வரைந்தேன். 120, 130, 140 ஆகிய இடங்களில் கோபுரம் மாதிரி எழும்பி நிற்கிறது. 124, 136 எல்லாம் தரையோடு தரை. யாருடைய ரத்த அழுத்தமும் பூஜ்யத்தில் முடிய வேண்டும் என்று கட்டாயம் இல்லையே! பாதரசக் கருவியில் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்த பத்துக்கு நகர்த்தி எழுதியிருக்கிறார்கள்.

அதனால் என்ன என்று தோன்றும். உயர் ரத்த அழுத்தத்துக்கு நாம் வைத்திருக்கிற எல்லைக்கோடு 140. 138 இருந்தவரை 140 என்று எழுதிவிட்டால் அவர் நோயாளிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். ஊர் முழுக்க இப்படி நடந்தால் நோய் விகிதமே ஏறிவிடும். முடிவு தற்செயலா என்று பார்க்க உதவும் எந்த பி வேல்யூவும் இதைக் காட்டிக் கொடுக்காது. தொற்றா நோய்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் சர்வேயில் மூன்று முறை அளந்து, முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுக்கிறார்கள். அளப்பதற்கே ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது யாருடைய தீசிஸைக் கையில் எடுத்தாலும் முதலில் எப்படி அளந்தார்கள் என்றுதான் தேடுகிறேன்.

செவிலியர், முனைவர் பட்ட ஆய்வு, சேலம்:

டாக்டர் எண்ணைப் பற்றிச் சொன்னது பேச்சுக்கும் பொருந்தும். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டால் அநேகமாக எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். ஒரு பாட்டியும் அப்படித்தான் ஆரம்பித்தார். "தெனமும் போடுறேம்மா." படிவம் என்றால் அதோடு டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன். இது ஆழ்நேர்காணல் என்பதால் உட்கார்ந்திருந்தேன். பேத்தி கல்யாணம், ரேஷன் கடை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. பிறகு அவராகவே சொன்னார்: "தல கிறுகிறுன்னு வந்தா அன்னிக்கு ஒண்ணு போட்டுக்குவேன். சும்மா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மாத்திர?"

அவர் பொய் சொல்லவில்லை. தலைவலி மாத்திரையை எப்படிப் பயன்படுத்துவாரோ அதே நியாயத்தில், தினமும் போட வேண்டிய இந்த மாத்திரையையும் பயன்படுத்துகிறார். "மறதி" என்ற கட்டத்தில் டிக் அடித்தால் இது கிடைக்குமா?

ரெக்கார்டரில் கேட்டு எழுத்தாக்கியபோது கைடு ஒன்று சொன்னார்: மௌனத்தையும் எழுது. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது யார் என்று நான் கேட்ட நேரத்தில் மருமகள் காபி கொண்டு வந்தார். பாட்டி பதில் சொல்லவில்லை, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மருமகள் உள்ளே போன பிறகுதான், யாரையும் அலைய வைக்கப் பிடிக்காமல் மாத்திரையை மிச்சம் பிடிப்பதாகச் சொன்னார். வார்த்தைகளை மட்டும் டைப் செய்திருந்தால் இது நழுவிப் போயிருக்கும்.

இன்னொன்று. "இத்தனை பேர்தானா, சாம்பிள் சைஸ் போதாதே" என்று எல்லோரும் கேட்பார்கள். எத்தனை சதவீதம் என்று சொல்ல நாம் போகவில்லை. தனியாக இருப்பவர், கூலிக்குப் போகிறவர், மகன் வீட்டில் இருப்பவர் என்று வேறுபட்டவர்களைத் தேடிப் போகிறோம். புதுக் காரணம் எதுவும் வராத கட்டத்தில் நிறுத்துகிறோம். 1967-இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் எழுதிவைத்தது இது. மருத்துவமனைகளில் சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடையே செய்த ஆய்விலிருந்துதான் அவர்களுக்கு இந்த முறை பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு செவிலியர் கல்லூரியில் இருந்துகொண்டு அவர்கள் இதைச் செய்தார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

புள்ளியியல் விரிவுரையாளர், சென்னை:

சேலம் சகோதரி சொன்ன "ஆமா" பிரச்சினை நம் ஊரிலேயே பழையது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. 193 நோயாளிகள். யார் வீட்டில் சிகிச்சை பெறுவது, யார் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) தங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பக்கமும் ஒரே மருந்துகள், ஓராண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆனாலும் முடிவு ஏறக்குறைய சமம். 1959-இல் வெளிவந்த அந்த முடிவுதான் காசநோய்க்குப் படுக்கை தேவையில்லை என்று உலகத்தை மாற்றியது.

நான் மாணவர்களுக்கு இதில் காட்டுவது வேறு. நோயாளி சொன்னதை மட்டும் நம்பாமல், திடீரென்று வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்தார்கள். புள்ளிவிவரம் அங்கேதான் உண்டாகிறது. அதற்கு அப்புறம் வருவதெல்லாம் கணக்கு. எத்தனை பேரை ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று கணக்கிடும் 4pq வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து, விகிதம் 50 சதவீதம், பிழை 5 சதவீதம் என்று போட்டு 400 என்று விடை எடுப்பது ஐந்து நிமிட வேலை. அந்த 400 பேரிடம் எதைக் கேட்கிறோம், எப்படி அளக்கிறோம் என்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும், ஆகவும் வேண்டும்.

முதுநிலை முதலாண்டு, திருநெல்வேலி:

நான் இப்போதுதான் தீசிஸுக்கான ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அனுபவம் என்று பெரிதாக இல்லை. தடுப்பூசி சர்வேக்கு 30 கிளஸ்டர் (தேர்ந்தெடுத்த ஊர் அல்லது பகுதி), கிளஸ்டருக்கு 7 குழந்தைகள் என்று போனபோது, முதல் வீட்டைத் தேர்வு செய்ய ரூபாய் நோட்டின் கடைசி எண்களைப் பார்த்தது மட்டும் மனதில் நிற்கிறது. வந்த எண்ணுக்கு உரிய வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். கூட வந்த அண்ணன் வேறு நோட்டு எடுக்க விடவில்லை, நடந்தோம். ரோட்டோர வீடுகளை மட்டும் பார்த்தால் தடுப்பூசி போடாத குழந்தைகள் கண்ணில் படாமலே போவார்கள் என்று வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு சந்தேகம் அக்கா. நேர்காணல், சர்வே இரண்டும் செய்வதென்றால் எதை முதலில் செய்வது?

செவிலியர், சேலம்:

தம்பி, கேள்வியைப் பொறுத்தது. ஏன் மாத்திரையை விடுகிறார்கள் என்றே தெரியாவிட்டால் முதலில் நேர்காணல். அதில் கிடைப்பதை வைத்துப் படிவத்தின் கேள்விகளை எழுதலாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய மோரிஸ்கி என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட நான்கு கேள்விகளைப் பார். "உடம்பு தேவலை என்று தோன்றும்போது மாத்திரையை நிறுத்துவீர்களா?" என்று ஒன்று வரும். மாத்திரையை விடுகிறவர் "ஆமா" என்று சொல்லும்படி கேள்வியையே திருப்பி வைத்திருக்கிறார்கள். நம் பாட்டி அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருப்பார்.

சர்வே முடிவு ஏற்கெனவே கையில் இருந்து, அதில் ஏதோ ஓர் எண் விளங்கவில்லை என்றால் தலைகீழாகப் போ. அந்த எண்ணுக்குள் இருக்கிறவர்களில் சிலரைத் தேடிப் பிடித்துப் பேசு. எப்படியானாலும் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிக்கு இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடு. பாதியில் நேர்காணலைச் சேர்க்க நினைத்தால் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். ஒலிப்பதிவுக்கு ஒப்புதல் படிவத்தில் தனி வரி வேண்டும்.