300 கி.மீ. பிரெவேக்கு முன்னாடி: லைட், ஃபோன், பட்டன் செல்

வித்யா: சனிக்கிழமை 300 கி.மீ. பிரெவே, அதான் கெடுவுக்குள்ள முடிக்கற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். காலை 6க்கு ஸ்டார்ட், 20 மணி நேரக் கெடு. அப்ப ராத்திரி 2 மணி வரை ரோட்டுலதான். முன் லைட் பெட்டியில "ஃபுல்லில் ஒன்றரை மணி நேரம்"னு போட்டிருக்கு. இன்னொண்ணு வாங்கணுமா?

முருகேசன் அண்ணா: உள்ள என்ன செல்னு பாரும்மா முதல்ல.

வித்யா: 18650ங்கற லித்தியம் செல் ஒண்ணுண்ணா. 2600 எம்ஏஎச், ஃபுல்லில் 500 லூமென் வெளிச்சம்.

முருகேசன் அண்ணா: 2.6 ஆம்பியர் ஹவர் × 3.6 வோல்ட் = 9.4 வாட் ஹவர். 500 லூமென்னா 5 வாட்டுக்கு மேல இழுக்கும். சர்க்யூட் நஷ்டமும் போனா ஒன்றரை மணி நேரம்தான், சரியாத்தான் போட்டிருக்கான். அதையே 100 லூமென்ல வெச்சா கிட்டத்தட்ட 1 வாட். 8 மணி நேரம் வரும். ஆறரைக்கு இருட்டினாலும் உனக்கு வேண்டியது ஏழரை மணி நேரம்.

கவின்: 100 பத்துமாண்ணா? ஹைவேயில?

முருகேசன் அண்ணா: 20 கி.மீ. வேகத்துக்கு, நல்ல தார் ரோட்டுக்குப் பத்தும் தம்பி. லூமென் கால் பங்கானா கண்ணுக்குப் பாதி குறைஞ்ச மாதிரிதான் தெரியும். லைட்டைச் சாய்ச்சு 8-10 மீட்டர் முன்னாடி விழ வை. மேல பாத்துக்கிட்டு எரியற லைட் பாதி கரண்டை மரத்துக்குக் குடுக்குது. இறக்கம், குண்டு குழி வந்தா மட்டும் ஃபுல். 10 நிமிஷம் ஃபுல்லில போனா லோவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காலி, அதை மனசுல வெச்சுக்க.

ஜான் சார்: முருகேசன் சொன்னது புது செல் கணக்கு. ரெண்டு மூணு வருஷம் ஓடினதுன்னா 20% கழிச்சுக்குங்க. இன்னைக்கே ஃபுல் சார்ஜ் போட்டு, லோவில் எரியவிட்டு எப்ப அணையுதுன்னு பாத்துடுங்க. அப்படியும் ஒரு சின்ன ஸ்பேர் லைட் வேணும்.

கவின்: பவர் பேங்க்ல போட்டுக்கிட்டே ஓட்டலாமே சார்?

ஜான் சார்: எல்லா லைட்டும் சார்ஜ் ஏறும்போது எரியாது. சிலது அணைஞ்சிடும், சிலது லோவுக்கு இறங்கிடும். வீட்டுலயே செருகிப் பாத்துட்டுக் கிளம்புங்க. இன்னொரு தொல்லை: இழுக்கற கரண்ட் ரொம்பக் குறைஞ்சா, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு பவர் பேங்க் தானே ஆஃப் ஆயிடும். டெயில் லைட்டை அதுல போட்டா பாதியிலயே நிக்கறது இதனாலதான். லோ கரண்ட் மோடு இருக்கற பவர் பேங்கா பாருங்க. மழை வந்தா யூஎஸ்பி மூடி திறந்து கிடக்கக் கூடாது.

வித்யா: 10000 பேங்க் இருக்கு. ஃபோன் 5000. ரெண்டு தடவை ஏறும்ல?

முருகேசன் அண்ணா: ஏறாது. 10000ங்கறது உள்ள இருக்கற 3.7 வோல்ட் செல்லுக்கு. 5 வோல்ட்டா வெளிய வரும்போது 6000 சொச்சம்தான். ஒரு தடவை ஃபுல், மிச்சத்துல ரூட் காட்டற ஜிபிஎஸ் சைக்கிள் மீட்டர்.

செல்வி அக்கா: ஃபோன்ல பேட்டரியத் தின்றது ஸ்க்ரீன்தான் வித்யா. ரூட்டை மீட்டர்ல ஏத்திட்டு ஃபோனைப் பையில போடு. மேப்பை ஆஃப்லைன்ல இறக்கி டேட்டாவை அணைச்சிடு. ஜிபிஎஸ் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், நெட் வேணாம். டவர் சரியா எட்டாத ஊர்ப்பக்கம் ஃபோன் டவரத் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும். ஆனா ஃபிளைட் மோடு போடாத, ஏதாவதுன்னா வீட்டுலேந்து கூப்பிடணும்ல. வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் 20 மணி நேரமும் வேணாம், வழியில வருகையைப் பதியற கன்ட்ரோல்ல நிக்கும்போது ஒரு தடவை லொகேஷன் பின் அனுப்பினாப் போதும்.

கவின்: மீட்டர்ல என்னக்கா மாத்தறது?

செல்வி அக்கா: பேக்லைட். பகல்ல 0. நிறைய மீட்டர்ல இருக்கற ஸ்க்ரீன் வெயில்லதான் நல்லாத் தெரியும். ராத்திரி 15 செகண்ட்ல அணையற மாதிரி வை. மல்டி பேண்ட் ஜிபிஎஸ் (ஒண்ணுக்கு மேல அலைவரிசையில சிக்னல் வாங்கறது) இருந்தா ஆஃப், திறந்த ஹைவேக்கு அது வேணாம்.

வித்யா: டெயில் லைட் பிளிங்க்ல விட்டா மிச்சமாகுமே?

ஜான் சார்: மிச்சமாகும். ஆனா ராத்திரி பின்னாடி வர்றவனுக்கு எவ்ளோ தூரத்துல இருக்கீங்கன்னு பிடிபடாது, பக்கத்துல ஓட்டறவங்களுக்கும் கண்ணு கூசும். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்ங்கற 1200 கி.மீ. ஓட்டத்துல மினுக்கற லைட்டே கூடாது. லோவில் நிலையா எரிய விடுங்க.

கவின்: நெஞ்சுல கட்டற ஹார்ட் ரேட் பட்டையில பட்டன் செல் போட்டு மாசம் ஆகல, செத்துப்போச்சு.

செல்வி அக்கா: ஓட்டி முடிச்சதும் பட்டன் மாதிரி இருக்கற பாகத்தைக் கழட்டினியா? பட்டை வேர்வையில ஈரமா இருக்கற வரைக்கும் ஆள் போட்டிருக்கறதா நினைச்சு முழிச்சுக்கிட்டே இருக்கும். கழட்டித் துடைச்சுத் தனியா வை. வீல் ஹப்ல மாட்டற ஸ்பீடு சென்சாரும் அப்படித்தான்: கார் பின்னாடி ஏத்தினா காத்துல வீல் சுத்தி எழுந்துக்கும். வீலைப் பட்டையால கட்டிடு.

வித்யா: என் சிஆர்2032 பட்டன் செல் மல்டிமீட்டர்ல 2.9 வோல்ட் காட்டுது. மாத்த வேணாம்ல?

முருகேசன் அண்ணா: அந்த ரீடிங்கை நம்பாத. பட்டன் செல் கடைசி வரைக்கும் 3 வோல்ட் கிட்டயே காட்டும். லோடு விழுந்தாத்தான் சாயும், சிக்னல் விட்டு விட்டு வரும். சனிக்கிழமைக்குப் புதுசு போடு. சில செல்லுல குழந்தைங்க முழுங்காம இருக்கக் கசப்புப் பூச்சு தடவியிருப்பான், காண்டாக்ட் கிடைக்கலைன்னா ஸ்பிரிட் பஞ்சால துடை. எடுத்த பழசை ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி உயரத்துல வை, வீட்டுல குட்டிப்பையன் இருக்கான்ல. முழுங்கினா உடனே ஆஸ்பத்திரிதான்.